அகராதி மேற்கோளும் இடக்குறிப்பும்

ஒரு சொல்லுக்கு இப்பொருள் உண்டு என்று அகராதி கூறுமாயின், அதற்குச் சான்று யாது என வினவுதல் கற்போர்க்கு உரியது. தமிழில் இவ்வினா நெடுங்காலம் எழவில்லை. திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகள் செய்யுளாய் அமைந்தமையின், மனப்பாடமான அச்செய்யுளே சான்றும் ஆயிற்று. வீரமாமுனிவர் 1732-இல் இயற்றிய சதுரகராதி சொற்களை அகர நிரலில் அமைத்துப் பெரும்புதுமை செய்ததேனும், இன்ன நூலில் இன்ன இடத்தில் என்று காட்டிற்றிலது.

உரையாசிரியர்களோ மேற்கோள் காட்டுவதில் வள்ளல்கள். நூற்பெயர் கூறுவதிலேதான் சிக்கனம். ‘என்றார் பிறரும்’ என்று அமைந்துவிடுவர். நூல்கள் நெஞ்சில் இருந்த காலத்து மாணாக்கர்க்கு அது போதும். நூல்கள் வழக்கொழிந்த பின்னரே இடர்ப்பாடு புலனாயிற்று. உ. வே. சாமிநாதையர் 1887-இல் சீவகசிந்தாமணியை வெளியிடுமுன், நச்சினார்க்கினியர் உரையில் பெயரின்றி நின்ற அடிகள் எந்நூலின என அறியப் பட்ட பாடு பெரிது. சங்க நூற்சுவடிகளை அவர் இனங்கண்டதற்கு அத்தேடலும் ஒரு வழியாயிற்று.

இக்குறையைப் பெரும்பான்மையும் நீக்கியது சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி. 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளும், 1939-இல் அநுபந்தமும் வெளிவந்தன. 1926 முதல் பதிப்பாசிரியராய் நின்று நிறைவேற்றியவர் ச. வையாபுரிப் பிள்ளை. பொருளை அடுத்து மேற்கோளடி. அதனையடுத்துப் பிறைவளைவுக்குள் நூற்பெயர்ச் சுருக்கமும் செய்யுளெண்ணும். ‘புறநா.’, ‘சீவக.’ என்னும் இச்சுருக்கங்கள் இன்று ஆய்வேடுகளின் பொதுமொழியாகிவிட்டன.

எனினும் எண் மட்டும் நின்றவிடத்து ஐயம் எஞ்சும். தொல்காப்பியச் சொல்லதிகார நூற்பாக்கள் இளம்பூரணர்க்கு 456, சேனாவரையர்க்கு 463. கம்பராமாயணச் செய்யுளெண் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். மேலும், மேற்கோளின் காலத்தைப் பேரகராதி குறிப்பதில்லை.

தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் அன்றாட வழக்கில் கலந்து நிற்கும் கெலமங்கலம் போன்ற எல்லைப்பகுதியில் இக்குறை நன்கு உணரப்படும். இவ்வட்டாரத்திலும் அண்மைத் தருமபுரி வட்டாரத்திலும் ‘அள்ளி’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல. இது கன்னட ‘ஹள்ளி’யின் தமிழ் ஒலிவடிவம், அதன் பழைய வடிவம் ‘பள்ளி’. பழங்கன்னடத்துச் சொன்முதற் பகரம் ஹகரமாயது இடைக்காலத்து நிகழ்ந்த மாற்றம். ஆகவே ஓரூர்ப்பெயர் பள்ளியாகவே தோன்றிப் பின் திரிந்ததா, அள்ளியாகவே வந்து குடிபுகுந்ததா என்பதனைத் துணியக் காலம் குறித்த சான்று வேண்டும். கிட்டெலின் 1894-ஆம் ஆண்டுக் கன்னட அகராதியும் நூற்பெயர்ச் சுருக்கங்களைத் தருகின்றதேயன்றி ஆண்டு தருவதில்லை. ஆங்கிலப் பேரகராதியோ 1884-இல் முதற்பகுதி வெளிவந்த நாள்தொட்டு ஒவ்வொரு மேற்கோளுக்கும் ஆண்டு குறித்து வந்துள்ளது.

2004-இல் தொடங்கிய தமிழ் விக்சனரி போன்ற இணைய அகராதிகளில் இவற்றிற்கு இடம் வைக்கும் கருவி ‘வார்ப்புரு’ என்பது. நூற்பெயர், ஆசிரியர், காலம், பதிப்பு ஆகியவற்றை ஒருமுறை வார்ப்புருவில் எழுதி வைத்தால், சொல்தோறும் செய்யுளெண்ணும் அடியுமே இட வேண்டுவன. பதிப்புக் குறிப்பில் பிழை கண்டு ஓரிடத்துத் திருத்தின், அது பயின்ற பக்கமெல்லாம் திருந்தும். பிழையும் அவ்வாறே எங்கும் பரவும் என்பதனை மறத்தலாகாது.

காலம் என்னும் கட்டமே இதிற் கடியது. சிலப்பதிகாரத்தை 2-ஆம் நூற்றாண்டினதென்பார் பலர். வையாபுரிப் பிள்ளை அதனைப் பல நூற்றாண்டு பிற்படுத்தினார். இவற்றுள் ஒன்றை வார்ப்புருவில் இட்டுவிடின், அந்நூல் மேற்கோளான பல நூறு சொற்களிலும் அம்முடிவு வழக்கின்றித் தீர்ப்பாகிவிடும். பேரகராதியார் காலம் குறியாதது முன்னெச்சரிக்கையாகவும் இருக்கலாம். ஆதலின் கல்வெட்டு மேற்கோளுக்கு அதன் ஆட்சியாண்டையும், இலக்கிய மேற்கோளுக்குப் பதிப்பாண்டையும் பதிப்பாசிரியர் பெயரையும் கட்டாயமாக்கி, நூற்றாண்டினை அது யார் கருத்து என்னும் குறிப்போடு மட்டுமே இடுதல் தக்கது.