பாலாற்றங்கரைக்கு வந்த விலைச் செய்தி

தென்னிந்தியாவின் முதல் ரயில் வண்டி 1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி ராயபுரத்திலிருந்து புறப்பட்டு, ராணிப்பேட்டைக்கு அண்டையிலுள்ள வாலாஜா ரோடு வரையில் வந்து சேர்ந்த பிறகு, பாலாற்றங்கரை ஊர்களில் ஆவாரம்பட்டையில் ஊறிப் பதமான தோல் சென்னைத் துறைமுகத்தை அடைவது எளிதாயிற்று. அந்தச் சரக்குக்கு லண்டனில் என்ன விலை கிடைத்தது என்ற செய்தி எவர் மூலமாக, எவ்வளவு காலம் கழித்து, எவ்வளவு உண்மையோடு இங்கே திரும்பி வந்தது என்பதுதான், பங்கு மார்க்கெட்டில் பணம் போடுகிற இன்றைய குடும்பஸ்தர்களுக்குப் பெரிதும் பிரயோஜனமான சரித்திரம் என்பது என் அபிப்பிராயம்.

லண்டனில் தோல் வியாபாரத்தின் கேந்திரம், தேம்ஸ் நதியின் தென்கரையிலுள்ள பெர்மாண்ட்ஸி. சென்னை ராஜதானியில் பதனிட்ட மாட்டுத் தோல் ‘ஈஸ்ட் இண்டியா கிப்ஸ்’ என்ற பெயரில் லண்டன் ஏலத்தில் ராத்தல் கணக்கில் விலை போயிற்று. கப்பல் தபாலில் வாரக்கணக்கில் பிரயாணம் செய்துவந்த ஏல நிலவரம், 1865-இல் பாரசீக வளைகுடா வழியாகவும் 1870-இல் செங்கடல் வழியாகவும் தந்தித் தொடர்பு ஏற்பட்ட பின், நாள் கணக்கிலும் பிறகு மணிக் கணக்கிலும் வரலாயிற்று.

ஆயினும் அந்த வேகத்தால், தோல் பதனிடும் ‘தோல் ஷாப்பு’க்காரருக்கு விமோசனம் ஏற்பட்டுவிடவில்லை. தந்தி வந்தது சென்னையின் ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு. அங்கிருந்து பெரியமேட்டுத் தரகு மண்டிகளுக்குக் கசிந்து, அவர்கள் எழுதும் கடிதத்தின் வாயிலாகவே அது ராணிப்பேட்டையையும் ஆம்பூரையும் வாணியம்பாடியையும் எட்டியது. பச்சைத் தோல் வாங்க முன்பணம் கொடுப்பவரும் அந்த மண்டிக்காரரே. பதனிட்ட சரக்கை விற்றுக் கொடுப்பவரும் அவரே. சீமையில் விலை இறங்கிவிட்டது என்று தெரிவிப்பவரும் அவரே. அவர் சொன்னதெல்லாம் பொய் என்று கூறுவது அநியாயம். ஆனால் கடன்பட்டவனுக்கு அதைச் சரிபார்க்க வேறு மார்க்கம் இல்லாதிருந்தது என்பதை மறுக்க முடியாது.

விலை என்பதும் ஒற்றை எண்ணாக இருந்ததில்லை. கத்தி வெட்டும் உண்ணிப் புள்ளியும் இல்லாத முதல் தரத் தோலுக்கு ஒரு விலை, அவை விழுந்த கீழ்த் தரத்துக்கு வேறு விலை. கனத்துக்கு ஒன்று, பதனிட்டவருடைய மார்க்காவின் கீர்த்திக்கு ஒன்று. இவற்றைச் சொல்லாமல், லண்டனில் இன்ன விலை என்று மட்டும் சொல்லும் தந்தி, உண்மையாகவே இருந்தாலும், கேட்டவனை ஏமாற்றக் கூடியதாயிருந்தது.

கணக்கு கண்ணுக்கெட்டாத இடத்தில் இருந்தால் என்ன நேரும் என்பதை 1906-ஆம் ஆண்டு சென்னை ராஜதானி முழுவதும் கண்ணீரோடு கற்றுக்கொண்டது. லண்டனில் மக்ஃபேடியன் ஸ்தாபனம் சரிந்த ஓரிரு தினங்களில், அக்டோபர் 22-ஆம் தேதி, அதனோடு பிணைந்திருந்த ஆர்பத்நாட் பாங்கிக் கம்பெனி சென்னையில் பணம் கொடுப்பதை நிறுத்திற்று. உத்தியோகஸ்தர்களும் வியாபாரிகளும் கைம்பெண்களும் ஆயுட்காலச் சேமிப்பை அங்கே போட்டிருந்தது, ஸர் ஜார்ஜ் ஆர்பத்நாட்டின் அந்தஸ்தை நம்பியேயன்றி எந்தக் கணக்கையும் பார்த்து அன்று. அவர் சிறை சென்றார். அதனால் போட்டவர்களின் பணம் மீண்டுவிடவில்லை. வி. கிருஷ்ணஸ்வாமி ஐயர் முதலானோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் பாங்க் பிறந்தது அந்தத் துயரத்தின் பலன்.

1920-இல் தோன்றி, 1923-இல் மூடுண்டு, 1937-இல் மறுபடி உயிர்பெற்ற சென்னைப் பங்கு மார்க்கெட்டின் காலத்தில், வெளியூர்க்காரர் விலையை மறுநாள் பத்திரிகையில் பார்த்தார். 1994-இல் நேஷனல் ஸ்டாக் எக்ஸ்சேஞ்ச் (என்.எஸ்.இ.) கம்ப்யூட்டர் திரையில் வியாபாரம் தொடங்கிய பிறகு அந்தத் தாமதமும் ஒழிந்தது. இன்று ராணிப்பேட்டை முத்துக்கடையில் பஸ்ஸுக்கு நிற்கும் இளைஞரின் கைபேசியில் பத்து இடங்களிலிருந்து விலை வருகிறது. எதை நம்புவது என்பதே இப்போது கஷ்டம்.

பழைய தரமும் கனமும் வேறு வேஷத்தில் வந்திருக்கின்றன. இலவசமாகக் காட்டப்படும் விலை சில இடங்களில் பதினைந்து நிமிஷம் பிந்தியது. ஒரு பங்கு இரண்டாகப் பிரிக்கப்பட்டதைக் கணக்கில் கொள்ளாத வரைபடம், பாதி மதிப்பு போய்விட்டதாகப் பயமுறுத்தும். 2021 மார்ச் இறுதியில் நிஃப்டி குறியீட்டின் பி.இ. விகிதம் (விலைக்கும் லாபத்துக்கும் உள்ள விகிதம்) ஒரே நாளில் 40-ஐ ஒட்டியதிலிருந்து 33-ஐ ஒட்டி இறங்கியதே, மார்க்கெட் வீழ்ந்ததாலா? கம்பெனியின் தனிக் கணக்குக்குப் பதிலாகத் துணைக் கம்பெனிகளையும் சேர்த்த கணக்கை எக்ஸ்சேஞ்ச் எடுத்துக்கொண்டதால் விளைந்த மாற்றம் அது. அந்த அறிவிப்பைப் படிக்காமல் எண்ணை மட்டும் பார்த்தவர், பங்குகள் மலிந்துவிட்டன என்றே முடிவு கட்டியிருப்பார்.

மண்டிக்காரரின் ஸ்தானமும் காலியாகவில்லை. ஒவ்வொரு வாங்கலிலும் விற்றலிலும் கட்டணம் பெறும் தரகு ஸ்தாபனமே செய்தியும் யோசனையும் தருகிறது. பதிவு பெறாத யோசனைக்காரர்களோ டெலிகிராமிலும் யூடியூபிலும் மலிந்திருக்கிறார்கள். ஆனால் அன்றைய தோல் ஷாப்புக்காரருக்கு எவ்வளவு பணம் கொடுத்தாலும் கிடைத்திராத ஒரு சாதனம் இன்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. கம்பெனிகள் எக்ஸ்சேஞ்சுக்குச் சட்டப்படி சமர்ப்பிக்கும் காலாண்டுக் கணக்குகளும் அறிவிப்புகளும் வருஷாந்தர அறிக்கைகளும் என்.எஸ்.இ., பி.எஸ்.இ. தளங்களில் அப்படியே கிடைக்கின்றன. ஆலோசனை சொல்பவர், பங்கு மார்க்கெட்டைக் கண்காணிக்கும் செபியில் பதிவு பெற்றவரா என்பதையும் செபியின் தளத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

ஆதலால் வாசகர்களை நான் வேண்டுவது இதுதான்: எந்தச் செய்தியைக் கேட்டுப் பங்கு வாங்க முனைந்தாலும், முதலில் அந்தக் கம்பெனி எக்ஸ்சேஞ்சுக்குக் கொடுத்த மூல அறிக்கையைத் திறந்து படியுங்கள், பத்திரிகையையும் செயலியையும் அதற்குப் பிறகு பாருங்கள்.