புதுக்கோட்டைச் சீமையில் முழவுக் கல்வி

திருக்கோயில் வழிபாட்டில் மங்கல இசைக்கு உரிய இடம் மெய்யன்பர் யாவரும் அறிந்ததே. யாகசாலையினின்று கடங்கள் புறப்படும்பொழுதும், விமானக் கலசத்தின்மேல் புனிதநீர் சொரியப்படும்பொழுதும் நாகசுரமும் தவிலும் முழங்குதல் நம் முன்னோர் கண்ட முறை. முழவு, துடி, மொந்தை, குடமுழா முதலிய தோற்கருவிகளைத் தேவாரத் திருமுறைகள் இறைவனது திருக்கூத்தோடு சேர்த்தே பேசுகின்றன. இத்தகைய முழவை, அதில் ஒன்றும் அறியாத இளைஞன் ஒருவன் கற்க விரும்பினால் எங்கே செல்வது? ‘அது பரம்பரையாக வருவது, கற்பதாயின் தஞ்சைக்கோ சென்னைக்கோ போக வேண்டும்’ என்று வல்லத்திராக்கோட்டை போன்ற சிற்றூர்களில் பெற்றோர் எண்ணுதல் இயல்பே. ஆயினும் நம் சீமையின் வரலாறு வேறு விடை பகர்கின்றது.

குடுமியான்மலைத் திருக்கோயிலில், குடைவரையை அடுத்த பாறையிலே புகழ்பெற்ற இசைக் கல்வெட்டு ஒன்று உள்ளது. அது கி.பி. 7 அல்லது 8 ஆம் நூற்றாண்டினது என்பர். உருத்திராசாரியர் என்பாரின் மாணாக்கராகிய சிவபக்த மன்னர் ஒருவர், மாணவர் நலன் கருதி அச்சுரத் தொகுதிகளை அமைத்ததாக அக்கல்வெட்டே கூறுகின்றது. அரசரும் ஓர் ஆசானுக்கு மாணவரே. தாம் கற்றதைப் பின்வருவோர்க்கு வழங்கியதே அவர் பெருமை.

தாள வாத்தியத்தில் இந்நெறியை விளங்கச் செய்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை அவர்கள். 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வாழ்ந்த இப்பெரியார், தொடக்கத்தில் அரண்மனையில் விளக்கேற்றும் பணி செய்தவர் என்பது இசையுலகில் வழிவழி வரும் செய்தி. லயத்தின்பால் எழுந்த வேட்கையால் அவர் மாரியப்பத் தவில்காரரை அடைந்து பாடம் கேட்டார். பின்னர்க் கஞ்சிராவைச் செப்பம் செய்து, கச்சேரி மேடையில் அதற்குத் தனியிடம் தேடித் தந்தார்.

அவருடைய மாணாக்கர் தட்சிணாமூர்த்திப் பிள்ளை (1875–1936) மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் ஈடிணையற்று விளங்கினார். மற்றொரு மாணாக்கர் பழனி முத்தையா பிள்ளை. அவர் தம் மைந்தர் சுப்பிரமணிய பிள்ளைக்கு (1908–1962) அக்கலையைப் புகட்டினார். மைந்தரோ இடக்கைப் பழக்கம் உடையவர். அதனால் மேடையில் பக்கவாத்தியக்காரர் அமரும் வரிசையே மாற வேண்டியிருந்தது. அத்தடையையும் கடந்து அவர் மிருதங்க உலகின் முன்வரிசையில் நின்றார். புதுக்கோட்டை வழி என்று வித்துவான்கள் போற்றும் மரபு இவ்வாறு வளர்ந்தது. அதன் வேரில் இருப்பது பக்கத்து ஆசானைத் தேடிச் சென்ற ஒருவரின் ஆர்வமே அன்றோ!

புதிதாகத் தொடங்குவோர் அஞ்ச வேண்டுவதில்லை. மிருதங்கத்தில் முதற்பாடம் த, தி, தொம், நம் என்னும் நான்கு சொற்களே. அவற்றை வாயால் சொல்லி, கையால் தாளமிட்டு, முதலில் மெல்லவும் பின்னர் இருமடங்கு நான்மடங்கு விரைவாகவும் வாசிக்கப் பழகுதல் வேண்டும். 3, 4, 5, 7, 9 என்னும் ஐவகை எண்ணிக்கைகள் அதன்பின் தாமே வசமாகும். இதற்கு வேண்டுவன நாள்தோறும் இடையறாத சாதகமும் ஆசானிடத்துப் பணிவுமே.

இடமும் தொலைவில் இல்லை. புதுக்கோட்டையிலேயே மாவட்ட அரசு இசைப்பள்ளி உள்ளது. மூன்றாண்டுப் பயிற்சியில் தவிலும் மிருதங்கமும் அங்குக் கற்பிக்கப்படுகின்றன. தவில் பயில விழைவோர்க்கு எழுதப் படிக்கத் தெரிந்திருந்தாலே போதும். ஊர்த் திருவிழாவிற்கு வரும் தவில் வித்துவானை அணுகிக் கேட்பினும் வழி பிறக்கும்.

இன்று பல கோயில்களில் மின்விசையால் தானே அடிக்கும் மேளம் பூசை வேளையில் ஒலிக்கக் காண்கிறோம். அதற்குச் சோர்வில்லை, பக்தியும் இல்லை. திருப்பணிக்கு வாரி வழங்கிய புரவலர்காள்! கோபுரம் எழுப்பிய கரங்கள், ஆண்டுதோறும் ஓர் ஏழை மாணவனுக்குக் கருவியும் பேருந்துச் செலவும் அளித்து உதவுமாயின், அடுத்த குடமுழுக்கில் நம் ஊர்ப் பிள்ளையே இறைவன் திருமுன் தவில் முழக்குவான். கல்லால் செய்த திருப்பணி அன்றே நிறைவுறும். எல்லாம் வல்ல இறைவன் அதற்குத் திருவருள் புரிவானாக!