நவுறு: ஒரு தீவு எதை விற்றுப் பிழைக்கிறது?

எங்களில் பலருக்கு நவுறு என்பது ஒரு தடுப்பு முகாமின் பெயர். 2007 இல் கிறிஸ்மஸ் தீவருகே மறிக்கப்பட்ட படகில் இருந்த 80 க்கும் மேற்பட்ட இலங்கையர் அங்கே கொண்டுசெல்லப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலானோர் தமிழ் இளைஞர்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மீண்டும் திறக்கப்பட்டபோது முதலில் இறக்கப்பட்டவர்களும் எங்கள் ஆட்களே. இப்போது, அந்த நாட்டின் குடியுரிமையைக் காசு கொடுத்து வாங்கலாமா என்று என்னிடம் விசாரிப்பவர்கள் இருக்கிறார்கள். முகாமும் குடியுரிமை விற்பனையும் ஒரே பொருளாதாரத்தில் இருந்து வந்தவை என்பதால், அதை முதலில் விளக்கிவிடுகிறேன்.

நவுறுவின் பரப்பு 21 சதுர கிலோமீற்றர். மக்கள் தொகை சுமார் 12,000. சொந்த நாணயம் இல்லை. அவுஸ்திரேலிய டொலரே புழங்குகிறது. தீவின் நடுமேட்டில் உயர்தரப் பொஸ்பேற்று இருப்பது 1900 அளவில் கண்டுபிடிக்கப்பட்டது. முதலில் ஜேர்மனியின் ஆட்சியிலும், முதலாம் உலகப் போருக்குப் பிறகு பிரித்தானியா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றின் கூட்டுப் பொறுப்பிலும் அது தோண்டப்பட்டது. அவுஸ்திரேலிய, நியூசிலாந்து விவசாயிகளுக்கு உலகச் சந்தை விலையிலும் குறைவாகப் பசளை கிடைத்தது. மண்ணின் சொந்தக்காரருக்குக் கிடைத்தது சொற்பம். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படை சுமார் 1,200 நவுறு மக்களைத் தொலைவில் உள்ள ட்ரக் தீவுகளுக்குப் பிடித்துச் சென்றது. 1946 இல் திரும்பியவர்கள் 740 பேர் கூட இல்லை.

1968 ஜனவரி 31 இல் நவுறு சுதந்திரம் பெற்றது; 1970 இல் சுரங்கமும் அதன் கைக்கு வந்தது. அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகள் தலைக்குரிய வருமானத்தில் உலகின் முன்வரிசையில் நின்றது. பொஸ்பேற்று முடிந்த பிறகும் பிள்ளைகள் வாழவேண்டும் என்று ஒரு நம்பிக்கை நிதியம் அமைத்தார்கள். அந்தப் பணம் மெல்பேர்ணில் 52 மாடிக் கட்டடமாகவும், 1993 இல் இலண்டனில் மேடையேறித் தோற்ற ஓர் இசை நாடகமாகவும் மாறியது. அரசோ சொந்த விமான சேவையையும் நட்டத்தில் ஓட்டியது. மெல்பேர்ண் கட்டடம் 2004 இல் கடனுக்காகக் கைமாறியது. தீவின் ஏறத்தாழ 80 வீத நிலம் தோண்டப்பட்டு, கூரிய பவளப்பாறைத் தூண்களாக நிற்கிறது. மக்கள் கரையோர ஓரத்தில் வாழ்ந்து, இறக்குமதி உணவை உண்கிறார்கள். சுதந்திரத்துக்கு முன் நடந்த சேதத்துக்காக நவுறு 1989 இல் அவுஸ்திரேலியாவைச் சர்வதேச நீதிமன்றத்துக்கு இழுத்தது. 1993 இல் வழக்கு இணக்கமாக முடிந்தது. அவுஸ்திரேலியா 107 மில்லியன் டொலர் தர ஒப்புக்கொண்டது.

மண் முடிந்ததும், ஒரு நாடு என்ற தகுதியே சரக்காயிற்று. 1990 களில் பெயருக்கு மட்டுமான வெளிநாட்டு வங்கிகளுக்கு உரிமம் கொடுத்தார்கள், கடவுச்சீட்டும் விற்றார்கள். கறுப்புப் பணத்துக்கு இடங்கொடுப்பதாக 2000 இல் நவுறு கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. 2001 இல் அவுஸ்திரேலியா படகில் வந்த அகதிகளை வைத்திருக்க இடம் தேடியபோது, வெறுங்கையோடு இருந்த நவுறு உதவிப் பணத்துக்காகச் சம்மதித்தது. பின்னாளில், தடுத்து வைக்கப்பட்டவர்களுக்கு விசாக் கட்டணம் என்றுகூட அவுஸ்திரேலியாவிடம் வாங்கியது. அந்த வருமானக் கணக்கில் எங்கள் பிள்ளைகள் தலைக்கு இவ்வளவு என்று எண்ணப்பட்டார்கள். 2025 இல் அவுஸ்திரேலியா வெளியேற்ற விரும்பும் இன்னொரு பகுதியினரை ஏற்க உடன்பட்டது. அதற்கான முதற்கட்டத் தொகை மட்டும் 408 மில்லியன் டொலர்.

நின்று நிலைக்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது சூரை மீன். நவுறுவுக்கு 300,000 சதுர கிலோமீற்றருக்கு மேற்பட்ட கடல் இருக்கிறது. 1982 இல் கையெழுத்தான நவுறு உடன்படிக்கையின் கீழ் இன்று எட்டு பசுபிக் நாடுகள் சேர்ந்து, வெளிநாட்டுக் கப்பல்களுக்கு மீன்பிடி நாட்களை விற்கின்றன. ஒரு நாளின் குறைந்தபட்ச விலை 8,000 அமெரிக்க டொலர் என்று கூட்டாக நிர்ணயித்தார்கள். தனித்தனியே பேரம் பேசியிருந்தால் அந்த விலை கிடைத்திராது. 2015 இல் புதிய நம்பிக்கை நிதியமும் தொடங்கப்பட்டது. பணம் போடும் நாடுகளும் அதன் மேற்பார்வையில் இருக்கின்றன. ஆழ்கடலில் நிக்கல், கோபால்ட் அள்ளும் ஒரு வெளிநாட்டுக் கம்பனியின் திட்டத்துக்கும் நவுறு பெயர் கொடுத்திருக்கிறது. அதனால் கடலுக்கு என்ன ஆகும் என்ற சர்ச்சை ஓயவில்லை.

இனி, குடியுரிமை பற்றிக் கேட்டவர்களுக்கு. அரசின் திட்டத்தில் ஒரு விண்ணப்பதாரரின் தொகை 105,000 அமெரிக்க டொலரில் தொடங்கியது. காலநிலை மாற்றத்தைச் சமாளித்து, மக்களை மேட்டு நிலத்துக்கு மாற்றவே இந்தப் பணம் என்கிறார்கள். ஆனால் அந்தக் கடவுச்சீட்டோடு அவுஸ்திரேலியா போகவும் விசா வேண்டும். நவுறுவில் காணி பரம்பரைக் குடும்பங்களுக்கே உரியது. வெளியார் உறுதி முடிக்க முடியாது. வேலைச்சந்தையோ மிகச் சிறியது. ஊரில் காணியை ஈடுவைத்து முகவரிடம் காசைக் கட்டுமுன், அந்தக் கடவுச்சீட்டு எந்த நாட்டுக்குள் விசா இன்றி விடும், எத்தனை நாள் தங்கவிடும் என்பதை அந்தந்த நாட்டின் அரச இணையத்தளத்தில் நீங்களே பாருங்கள். முகவர் காட்டும் பட்டியலை நம்பவேண்டாம்.