துபுவா சாமியார் ஊர் திரும்பியது

பாரீஸ் அந்நிய வேதபோதக சபையிலிருந்து அந்தக் காலத்தில் கப்பலேறிய குருக்கள் பொதுவாகத் திரும்பியதில்லை. 19ஆம் நூற்றாண்டில் அவர்களை வழியனுப்பும்போது பாதங்களை முத்தமிடுவார்கள். அதற்கென்று ஒரு பாட்டுக்கு குனோ இசையமைத்தார். வரவேற்புப் பாட்டு? யாருக்காக?

துபுவா சாமியார் விதிவிலக்கு. 1792இல் வந்தவர், மைசூர்ச் சீமையில் நம்மவர் போல உடுத்தி, உண்டு, 31 வருஷம் கழித்து 1823இல் பிரான்சுக்குப் போனார். ஓய்வூதியம் கொடுத்தது கிழக்கிந்தியக் கம்பெனி! (பழைய குமாஸ்தாவின் கண் இதில்தான் நிற்கும்.) புரட்சியின் நடுவே விட்டுப்போன நாட்டில் மறுபடி ராஜா, இடையில் நெப்போலியனே வந்து போயாயிற்று. மூன்றே வருஷத்தில், 1826இல், பஞ்சதந்திரக் கதைகளைப் பிரெஞ்சில் அச்சிட்டார். ஊருக்கு அவர் கொண்டுவந்த பலகாரம் அதுதான் போலும்.

1836இல் அந்தச் சபைக்கே தலைவரானார். அவர் பொறுப்பில் இளைஞர்கள் கீழை நாடுகளுக்குக் கப்பலேறினார்கள். அவர் 1848இல் பாரீசிலேயே இறந்தார்.