உப்பளம் பக்கம் இருந்தும்

உப்பளத்திலிருந்து எங்கள் கரிசல் ஊர்களுக்கு ஒரு ராத்திரி மாட்டுவண்டிப் பயணம்தான். வேப்பலோடை, வைப்பார், தருவைகுளம் பக்கமிருந்து மூட்டை வரும். 1876-இல் கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடிக்கு ரயில் ஓடத் தொடங்கிய பிறகும் உள்ளூர்களுக்கு வண்டிதான். என் சின்ன வயதில், களத்தில் சோளம் அடித்து முடிகிற நேரம் பார்த்து உப்பு வண்டிக்காரர் வந்து நிற்பார். சோளத்தை அளந்து வாங்குவார், உப்பை அளந்து போடுவார். ஒரு வருஷத்து உப்பு பானைக்குள் போய்விடும்.

அந்தக் கல்லுப்பில் அயோடின் பெயருக்குத்தான். மீனிலும் கடற்பாசியிலும் உண்டு. கடல்நீர் பாத்தியில் காய்ந்து உப்பாகும்போது அதில் தங்குவது மிகச் சொற்பம்.

விளாத்திகுளம் பக்கம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவள் நான். உப்பைச் சோதிக்க எங்களிடம் ஒரு சின்னக் குப்பி இருக்கும். ஒரு சொட்டு விட்டால், அயோடின் கலந்த உப்பு ஊதாவாக மாறும். பல அடுப்படிகளில் உப்பு வெள்ளை வெளேரென்றே கிடக்கும். அயோடின் குறைந்தால் கழுத்தில் கழலை வரும் என்று சொன்னால், "கடலு நமக்குப் பக்கத்துலதான இருக்கு நர்சம்மா? மலையில இருக்கவுகளுக்குத்தான கழலை வரும்?" என்பார்கள் பாட்டிமார்.

அரசாங்கமே ரொம்பக் காலம் அப்படித்தான் நினைத்தது. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமியும் கூட்டாளிகளும் இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கில் அயோடின் உப்பைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில வருஷத்தில் கழுத்துக் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-இல் தேசியக் கழலைத் தடுப்புத் திட்டம் வந்தது, அதுவும் மலைப்பகுதிகளுக்குத்தான். கழுத்து வீங்கினால் கண்ணுக்குத் தெரியும். மூளையில் நேர்வது தெரியாதே.

வயிற்றுக் குழந்தையின் மூளையில் புதிதாகப் பிறக்கும் நரம்பு செல்கள் உட்புறத்திலிருந்து மேலடுக்குக்கு ஏறிப் போகவேண்டும், கிணற்றுக்குள் கயிற்றைப் பிடித்து ஏறுகிற ஆள் மாதிரி. எங்கே நிற்பது என்பதற்கு ரீலின் என்ற புரதம் சைகை கொடுக்கிறது. அந்தச் சைகை ஒழுங்காக நடக்கத் தைராய்டு சுரப்பு வேண்டும். தாயின் தைராய்டு சுரக்கும் தைராக்சினில் நான்கு அயோடின் அணுக்கள். நரம்பு செல்லுக்கு அண்டையிலுள்ள ஆஸ்ட்ரோசைட் செல்கள் அதில் ஒன்றைக் கழற்றிய பிறகே அதற்கு முழு வீரியம் வரும். பிறகு அது நரம்பு செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கும், அடக்கும். அயோடின் குறைந்த தீனி தின்ற தாய் எலிகளின் குட்டிகளுக்கு, மூளைப் புறணியில் செல்கள் அடுக்கு மாறிக் கிடந்ததை ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். முதல் மூன்று மாதம் குழந்தைக்குச் சொந்தச் சுரப்பு கிடையாது, தாயுடையதுதான். எங்களிடம் கர்ப்பம் பதிய வருவதே பெரும்பாலும் அந்த மூன்றாம் மாதத்தில். மாத்திரைச் சீட்டை எடுத்து நீட்டும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

எல்லாச் சாப்பாட்டு உப்பிலும் அயோடின் கலப்பதென்று 1983-இல் முடிவெடுத்தார்கள். கலக்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்க 1998-இல் தடை, 2000-இல் அது நீங்கியது, 2006 மே முதல் மறுபடி தடை. இழுபறிக்குக் காரணங்கள் பல சொன்னார்கள். எனக்கு எதுவும் பெரிதாகப் படவில்லை; பெரிதாகப் பட்டது உப்பு வரும் வழிதான். வெகுதூரம் போகும் உப்பு ஆலைக்குள் நுழைந்து, பொட்டாசியம் அயோடேட் தெளிக்கப்பட்டு, பாக்கெட்டில் ஏறுகிறது. பக்கத்து ஊருக்கு வருவது சாக்கோடு நேரே வந்து இறங்கிவிடுகிறது. 2018-19 அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் உள்ள உப்பைப் பயன்படுத்தும் வீடுகள் இந்தியா முழுக்க 76.3 சதவீதம். உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்து நிற்கும் தமிழ்நாட்டில் 61.9; மாநிலங்களிலேயே கடைசி.

கல்லுப்பை விடச் சொல்லவில்லை. அயோடின் கலந்த கல்லுப்பே கடையில் கிடைக்கிறது. சாக்கு உப்பு கருவாட்டுக்கு ஆகட்டும். வீட்டுக்கு மருமகள் வந்த அன்றைக்கே குழம்புக்கு உப்பை மாற்றிவிடுங்கள், நாள் தள்ளிப்போகும்வரை காத்திருக்காதீர்கள்.