பயனின்றி ஒரு துளியும் சிந்தாத வாழ்வு

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் அமைந்துள்ள கிளியனூர், பழைய ஓய்மாநாட்டு நிலப்பரப்பைச் சேர்ந்தது. சிறுபாணாற்றுப்படையின் தலைவனாகிய நல்லியக்கோடன் ஆண்ட நாடு அது. அந்நூல் கூறும் கிடங்கில் இன்று திண்டிவனத்தின் ஒரு பகுதி. எயிற்பட்டினம் என்பது மரக்காணமே என்பர் அறிஞர். இவ்வட்டாரத்திலேயே மேல்சித்தாமூர், வீடூர், விழுக்கம், பெருமண்டூர் என நம் மரபு வேரூன்றிய ஊர்கள் பல உள்ளன.

கிளியனூரில் யான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் மாணவர் ஒருவர், "ஐயா, சமண சமயம் என்றால் பட்டினி கிடப்பதுதானா?" என வினவினார். செஞ்சியை அடுத்த திருநாதர் குன்றில் சந்திரநந்தி ஆசிரியர் 57 நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த செய்தியைக் கூறும் கல்வெட்டைப் பற்றி அன்று வகுப்பில் சொல்லியிருந்தேன். அதன் விளைவே அவ்வினா. அன்று சுருக்கமாகச் சொன்ன விடையை இங்கே சற்று விரித்துரைக்க விழைகின்றேன்.

அத்தகைய நோன்பு துறவு நெறியின் உச்சி. இல்லறத்தாருக்கு நம் ஆசிரியர்கள் வகுத்தது பட்டினி அன்று, அளவு. சமந்தபத்திரர் 150 சுலோகங்களில் இயற்றிய இரத்தினகரண்டகத்தைத் தழுவித் தமிழில் எழுந்ததே அருங்கலச்செப்பு. கொல்லாமை, பொய்யாமை, கள்ளாமை, பிறன்மனை விழையாமை, பொருள் வரைதல் என்னும் அணுவிரதங்கள் ஐந்தையும் நாம் அறிவோம். அவற்றைப் பேணிக் காக்கும் குணவிரதங்களுள் ஒன்று அநர்த்ததண்ட விரதம். பயனின்றித் தீங்கு செய்யாமை என்பது அதன் பொருள். வீணே நிலத்தை அகழ்தல், வீணே நீரைச் சிந்துதல், வீணே தீ மூட்டுதல், வீணே காற்றை அலைத்தல், வீணே செடிகொடிகளை வெட்டுதல் ஆகியவற்றை அவ்விரதத்திற்கு மாறான கவனமற்ற ஒழுக்கம் என்று சமந்தபத்திரர் எண்ணிக் காட்டுகின்றார். மண், நீர், நெருப்பு, காற்று, மரம் என இக்காலச் சுற்றுச்சூழலியலார் அஞ்சிப் பேசும் ஐந்தும் அப்பட்டியலில் அடங்கிவிடுகின்றன!

இவ்விரதம் ஏட்டளவில் நின்றதன்று. என் பாட்டியார் நாள்தோறும் விடியலில் கிணற்று நீரை இரட்டை மடிப்பு வெள்ளைத் துணியால் வடிகட்டுவார். பின்னர் அத்துணியை வடிகட்டிய நீராலேயே அலசி, அந்நீரை அதே கிணற்றில் மெல்ல ஊற்றுவார். துணியில் தங்கிய சிற்றுயிர்கள் தாம் பிறந்த நீருக்கே திரும்ப வேண்டும் என்பது கருத்து. குடிப்போருக்குத் தூய நீர்; சிற்றுயிர்களுக்கு உயிர்ப்பிச்சை; கிணற்றுக்கும் இழப்பில்லை. கதிரவன் மறையுமுன் உண்டு முடித்தலும் அவ்வாறே. விளக்கை நாடி வரும் பூச்சிகள் உணவில் விழுந்து மடியாமைக்காக ஏற்பட்ட அவ்வொழுக்கம், எரிபொருளையும் எண்ணெயையும் மிச்சப்படுத்தியது. உறங்குமுன் உணவு செரிக்கவும் இடம் தந்தது. உடலுக்குள் இயங்கும் நாட்கடிகாரத்தின் இயக்கத்தைக் கண்டறிந்த அறிவியலார் மூவருக்கு 2017ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. பகலில் உண்டு இரவில் ஓய்ந்த நம் முன்னோர் அக்கடிகாரத்தோடு இயைந்தே வாழ்ந்தனர்.

தமிழ்ச் சமணர் பெரும்பாலும் உழவர் என்பதையும் இங்கே நினைத்தல் வேண்டும். உழுதால் மண்ணிலுள்ள உயிர்கள் மடியும். உழாவிட்டால் உலகுக்கு உணவில்லை. இந்த இக்கட்டுக்கு நம் நூல்கள் தந்த விடை, வாழ்வுக்குத் தவிர்க்க இயலாத தீங்கையும் குறைத்துக்கொள்க. தவிர்க்கக் கூடியதை அறவே விடுக என்பதே. அவ்வுழவுக்கு ஆதாரமாக விளங்கியவை ஏரிகள். உத்திரமேரூரில் 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்த பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைக் குறிப்பிடுகின்றன. நீரைக் காப்பதை ஊர்ப்பணியாகவே கருதிய நாடு நம் தொண்டை நாடு. கிளியனூர்ப் பக்கத்து ஏரிகள் நிரம்பி வழியும் நீர் கிழக்கே கழுவெளியைச் சேரும். வலசைப் பறவைகள் வந்து தங்கும் அந்நீர்ப்பரப்பு 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது.

இன்றைய நிலை என்ன? ஏரியை மறந்து ஆழ்துளைக் கிணறுகளை நம்பினோம். நீர்மட்டம் கீழே கீழே போயிற்று. நகரங்களுக்குக் குடிபெயர்ந்த நம் இல்லங்களில் வடிதுணி இருந்த இடத்தில் நீர் சுத்திகரிப்புப் பொறி நிற்கின்றது. அப்பொறி ஒரு குடம் நீர் தருவதற்குள் அதனினும் மிகுதியான நீரைக் கழிவாகத் தள்ளிவிடுகின்றது. என் வீட்டிலும் அப்பொறி உண்டு. பாட்டியார் இருந்திருந்தால் அக்கழிவுக் குழாயைக் கண்டு என்ன சொல்லியிருப்பார் என எண்ணி நாணியதுண்டு. அதன் பின்னரே அந்நீரை வாளியில் பிடித்துப் பாத்திரம் துலக்கவும் தரை கழுவவும் பயன்படுத்தத் தொடங்கினோம். சடங்கைக் காத்துப் பொருளைக் கைவிட்டோமோ என்னும் வினா நம் ஒவ்வோர் இல்லத்திற்கும் உரியது.

வாழ்நாள் முழுதும் ஏற்பது யமம். காலவரையறையோடு ஏற்பது நியமம் என நம் நூல்கள் பகுத்துரைக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றிக்கொள்ளல் அரிது. நியமம் எவர்க்கும் எளிது. முனிவர்கள் ஓரிடத்தில் தங்கும் மழைக்காலத்து நான்கு திங்களுக்கேனும், ஒவ்வொரு குடும்பமும் ஒரு நியமம் ஏற்கலாம். நீரை வீணாக்காமை, பொழுது சாயுமுன் உண்ணல், புதுத்துணி வாங்குவதில் வரையறை ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று போதும். பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, அதன் காரணத்தைச் சொல்லி ஏற்றல் நலம்.

அம்மாணவர் இன்று என்னைக் கண்டு மீண்டும் அதே வினாவை எழுப்பினால், "இல்லை தம்பி, போதும் என்று சொல்லத் தெரிந்திருப்பது" என்றே விடை கூறுவேன். அவ்விடைக்குச் சான்றாக நம் இல்லங்கள் விளங்க அருகன் திருவடிகளை வணங்குகின்றேன்.