ஒன்றாம் கால் பிறந்த கதை

ஆரணியில் பட்டுத்தறியின் தலைமேல் இருக்கும் ஜக்கார்டு பெட்டி வெகுகாலம் அட்டையில் ஓடியது. அட்டையில் துளை இருந்தால் கொக்கி பாவு இழையைத் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. 1804-இல் லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் வகுத்த முறை அது. 1983-இல் மிலான் நகர ஜவுளி இயந்திரக் கண்காட்சியில் பொனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டைக் காட்டியது. அட்டையின் வேலை சர்க்யூட் போர்டுக்குப் போனது. அந்த வகைப் பெட்டிகள் நம் பட்டு ஊர்களின் கைத்தறிகளிலும் ஏறிவிட்டன. தறியோடு சேர்த்து போர்டைப் பழுதுபார்க்கும் வேலையும் ஊருக்குள் வந்துவிட்டது.

கொக்கிகளுக்கு ஆணை அனுப்ப இத்தகைய போர்டுகளில் வழக்கமாகப் பயன்படுவது ஷிஃப்ட் ரெஜிஸ்டர் என்ற சிப். கிளாக் ஒருமுறை துடித்தால் அதற்குள் இருக்கும் தகவல் ஓரிடம் நகரும். வேண்டாத துடிப்பு ஒன்றே ஒன்று உள்ளே புகுந்தாலும் போதும், மாங்காய் புட்டா ஒரு கொக்கி தள்ளி விழும். பல மாத வருமானத்தைப் போட்டு வாங்கிய பாவு தறியில் இருக்கும்போது அது சின்னக் குறை அல்ல.

சிப் கெட்டிருக்கிறதா என்று பார்க்க அதைக் கழற்றினால் போர்டின் செம்புத் தடமே பெயர்ந்து வரலாம். அதனால்தான் போர்டில் இருக்கும்படியே சோதிக்கும் முறை 1970-களில் பரவியது. சிப்பின் மேல் கிளிப்பை மாட்டி, அல்லது போர்டை ஆணிப்படுக்கை ஒன்றில் அழுத்தி, கருவி தன் சிக்னலை உள்ளே செலுத்தும். பக்கத்துச் சிப் அதே கம்பியில் வேறு சிக்னலை வைத்திருந்தால்? கருவி அதைவிட வலுவான மின்னோட்டத்தைக் கொடுத்து அமுக்கிவிடும். இதற்கு பேக் டிரைவிங் என்று பெயர். நீடித்தால் பக்கத்துச் சிப் சூடாகிச் சாகும் என்பதால் சில மில்லி செகண்டுகளுக்குள் வேலையை முடிக்க வேண்டும்.

பெரும்பாலான சிப்புகளை இப்படி அமுக்கிவிடலாம். எளிதில் அடங்காதது கிளாக். போர்டுக்கு மின்சாரம் கொடுத்த நொடியே கிளாக்கைத் தரும் குவார்ட்ஸ் படிகம் நொடிக்குப் பல லட்சம் தடவை துடிக்கத் தொடங்கும். கருவி ஒரு கேள்வி கேட்டுப் பதிலைப் படிப்பதற்குள் ரெஜிஸ்டர் எத்தனையோ இடம் நகர்ந்திருக்கும். கிளாக் கம்பியையே பேக் டிரைவ் செய்தாலும், அடிபட்ட சிக்னலின் ஓரங்களில் கிளம்பும் சிறு முட்களை ரெஜிஸ்டருக்குள் இருக்கும் ஃபிளிப் ஃபிளாப்புகள் துடிப்பு என்று எண்ணிவிடும். நல்ல சிப்புக்குக் கெட்டது என்ற தீர்ப்பு வரும். அதே சிப்பை மறுபடி சோதித்தால் வேறு தீர்ப்பு. பழுதுபார்ப்பவரின் நேரத்தைத் தின்றது இந்த நிலையில்லாமைதான்.

முதலில் வந்தவை கைவைத்தியங்கள்தான். படிகம் தனியாகத் தெரியும் போர்டில் அதன் உள்ளீட்டுக் காலை ஒரு கம்பியால் கிரவுண்டோடு இணைத்தால் துடிப்பு நிற்கும். இசட்80 போன்ற பிராசசர் இருந்தால் பஸ் கேட்கும் காலைத் தாழ்த்திப் பிடிக்கலாம், அது வழியைவிட்டு விலகிக்கொள்ளும். கிளாக் நின்றதும் போர்டைக் கண்காணிக்கும் வாட்ச்டாக் டைமர் விழித்துக்கொண்டு போர்டையே ரீசெட் செய்யும், அதையும் அடக்க வேண்டும். உலோக டப்பாவுக்குள் முழுவதுமாக அடைத்து வரும் ஆஸிலேட்டர்தான் கைக்கு எட்டவில்லை. படிகம் உள்ளே, கால்கள் நான்கே. 14 கால் சிப்பின் இடத்தில் பொருந்துவதற்காக அவற்றுக்கு 1, 7, 8, 14 என்றே எண். 7 கிரவுண்டு, 8 கிளாக் வெளியேறும் வழி, 14 மின்சாரம். ஒன்றாம் கால் எதனோடும் சேராமல் சும்மா நின்றது.

அந்தச் சும்மா நின்ற காலுக்குத்தான் வேலை கிடைத்தது. ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு நிலைகளோடு, தொடர்பையே விட்டுவிடும் மூன்றாவது நிலையை நேஷனல் செமிகண்டக்டர் நிறுவனம் டிரை ஸ்டேட் என்ற பெயரில் ஏற்கெனவே பரப்பியிருந்தது. ஆஸிலேட்டர் செய்தவர்கள் அதை ஒன்றாம் காலில் கட்டினார்கள். அந்தக் காலைக் கிரவுண்டுக்கு இழுத்தால் டப்பா கம்பியைக் கைவிடும், சோதனைக் கருவி தன் சொந்தத் துடிப்பைக் கொடுக்கும். ஆராய்ச்சிச் சாலையின் பெருங்கண்டுபிடிப்புகளைப் பாடும் நாம், சோதனை மேசையின் தொல்லை பெற்றெடுத்த இந்தக் காலையும் அதே வரிசையில் வைக்க வேண்டும் என்பேன்.

சிப்புகள் சுருங்கி, கால்கள் அடிவயிற்றுக்குள் மறைந்தபோது கிளிப்புக்குப் பிடி இல்லாமல் போயிற்று. 1985-இல் கூடிய ஜேடாக் குழு சோதனை வழியைச் சிப்புக்குள்ளேயே வைக்கச் சொன்னது. அது 1990-இல் ஐ.இ.இ.இ. 1149.1 என்ற தரமானது. அதில் சோதனைக்கென்றே தனி கிளாக் கால் உண்டு.

ஆனாலும் பழைய வகை போர்டுகள் இன்னும் தறிகளிலும் அரிசி ஆலைகளிலும் உழைக்கின்றன. அவற்றைச் சோதிக்கும் கருவிகளைச் சென்னையின் கியூமேக்ஸ் போன்ற நிறுவனங்கள் நம் ஊரிலேயே செய்கின்றன. கருவி இருந்தும் சோதனை தடைபட்டால் குறை போர்டு வடிவமைப்பவர்களிடம் இருக்கிறது. ஆஸிலேட்டரின் ஒன்றாம் காலை நேராக மின்சாரத்தோடு சேர்த்துவிட்டால் யாராலும் அதைக் கீழே இழுக்க முடியாது, தடத்தை வெட்டத்தான் வேண்டும். நடுவில் ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டிருந்தால் போதும். சில பைசா செலவு. ஜக்கார்டு பெட்டி வாங்கும் கூட்டுறவுச் சங்கங்கள் விலைப்புள்ளி கேட்கும்போதே அந்த ரெசிஸ்டர் இருக்கிறதா என்று எழுதிக் கேட்கலாம்.